நான்காவது வேட்டு

ஒட்டன்சத்திரம்,
8-6-1998

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அப்பாவுக்கு மலர்விழி எழுதுவது. அம்மாவின் வருஷப் பூசைக்கு நான் வராததில் நீங்கள் கோபமாக இருப்பது தெரியும். அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. இது உங்கள் பேத்தி வாணியைப் பற்றி.

வலது பாதம் இன்னும் உள்பக்கம் மடங்கித்தான் இருக்கிறது. நாலு வயதாகப் போகிறது. பாதத்தின் ஓரத்தை ஊன்றியே நடந்து, அந்த ஓரத்துத் தோல் குதிகால் போலக் காய்த்துவிட்டது. மதுரை டாக்டர் ஆகஸ்ட் பதினேழாம் தேதிக்கு ஆபரேஷன் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தத் தேதியை விட்டால் அடுத்த வருஷம்தான் கிடைக்கும், அதற்குள் எலும்பு முற்றிவிடும் என்கிறார். உங்கள் மாப்பிள்ளை ஆல்வின் சம்மதிக்கவில்லை. சீட்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டார். மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை லாரிக்கு ஏற்றிவிட்டு வந்து, குளிக்காமல்கூடக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறார். நல்ல மனுஷர் அப்பா. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை.

எங்கள் ஜெபவீட்டு பாஸ்டர் சொல்கிறார்: தகப்பன்மாரின் அக்கிரமத்தை மூன்று நான்கு தலைமுறை வரை பிள்ளைகளிடம் கேட்பேன் என்று தேவனே மோசேயிடம் சொல்லியிருக்கிறார். முதலில் அந்தப் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கை செய்ய வேண்டும். கத்தி வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆல்வின் பக்கத்தில் விசாரித்தாயிற்று. என் மாமனார் சபை முன்னால் நின்று, சாராயம் காய்ச்சியதையும் ஒரு ஆட்டைத் திருடித் தின்றதையும் சொல்லிவிட்டார். ஆட்டு விஷயம் மாமியாருக்கே அன்றைக்குத்தான் தெரியும். எல்லாரும் அழுது ஜெபித்தோம். கால் திரும்பவில்லை. அதனால் இப்போது என் பக்கம்.

கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் ஏதாவது செய்திருக்கிறீர்களா அப்பா?

மலர்

அகரம்,
15-6-1998

மேலே சிலுவை போடச் சொன்னேன். குர்ஷித் கூட்டல் குறி மாதிரி போட்டிருக்கிறாள். இருக்கட்டும், அதுவும் சிலுவைதான்.

மகள் மலருக்கு அப்பா கஸ்பார் சொல்லி எழுதுவது. எழுதுகிறவள் தையல்கடை குர்ஷித் பேகம். உன் கடிதத்தையும் அவள்தான் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படித்தாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை.

உன் பாஸ்டருக்கு வேதத்தில் அந்த ஒரு பக்கம்தான் கிடைத்ததா? எனக்கு எழுத்துத் தெரியாது. முன்பெல்லாம் பூசை லத்தீனில் நடக்கும், சாமியார் நமக்கு முதுகைக் காட்டி நிற்பார், ஒன்றும் விளங்காது. அது தமிழுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்ட வாசகம் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. எசேக்கியேல் வழியாகச் சொன்னது என்ன? குற்றம் செய்தவனே அதற்குச் சாவான், தகப்பன் குற்றத்தை மகன் சுமக்க மாட்டான். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்களே, அதுதானே உன் பாஸ்டரும் கேட்கிறது? இவனுமில்லை, பெற்றவர்களுமில்லை என்று சொல்லிவிட்டு, சேசு எச்சிலால் சேறு குழைத்து ஆக வேண்டிய வேலையைப் பார்த்தார். யாரையும் கூட்டி வைத்து விசாரிக்கவில்லை.

மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகக் கேள். "ஏன் மாப்ள, லாரி டயர் வெடிச்சா டிரைவரோட தாத்தாவையா தேடுவீக? ஸ்டெப்னிய எடுத்து மாட்டுங்கப்பு."

பதினேழாம் தேதி பிள்ளையை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போ. வேறொன்றும் இல்லை.

அப்பா

ஒட்டன்சத்திரம்,
24-6-1998

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அப்பாவுக்கு. எசேக்கியேலுக்குப் பத்து வரி, என் கேள்விக்கு ஒரு வரி. நான் எந்தக் கிழமை பிறந்தேன், அன்றைக்கு யார் தோட்டத்தில் என்ன பயிர் நின்றது என்று கதையோடு சொல்கிறவர் நீங்கள். "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று இத்தனை சுருக்கமாக நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

டயர் விஷயத்தை ஆல்வினிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். பிறகு வேதத்தை எடுத்துத் தாவீதைப் படித்துக் காட்டினார். ஊரான் மனைவியை எடுத்து, அவள் புருஷனையும் கொல்ல வைத்தது தாவீது. ஏழு நாள் கிடந்து செத்தது கைக்குழந்தை. அந்தக் குழந்தை என்ன செய்தது அப்பா? எசேக்கியேலிடம் பேசினவரும் அந்தக் குழந்தையை அடித்தவரும் ஒரே தேவன்தானே? அவர் மாறாதவர் என்றால் இந்த இரண்டில் எது அவர்? ஒன்று பொய் என்றால் மற்றது மட்டும் மெய் என்று நான் எதை வைத்து நம்புவது? இதை வாதத்துக்காகக் கேட்கவில்லை. வாணியைக் குளிப்பாட்டும்போது அந்தப் பாதம் என் கையில் இருக்கிறது. அப்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது.

இன்னொன்று. எனக்கு ஏழெட்டு வயது. அம்மா, நீங்கள், நான் மூவரும் கொடைக்கானல் போகிற வழியில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். வெற்றிலை பாக்குக் கடையில் கட்டையை ஊன்றிக்கொண்டு ஒருவர் நின்றார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவரைப் பார்த்ததும் நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றீர்கள். என் மணிக்கட்டில் உங்கள் விரல் பதிந்திருந்தது. பஸ்ஸில் அம்மா கொடைக்கானல் வரை அழுதுகொண்டே வந்தார்.

அவர் யார்?

மலர்

அகரம்,
20-7-1998

மலரு, ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். எழுத ஆள் இல்லாததால் அல்ல, எழுத ஆள் வேண்டியிருந்ததால். எழுத்துத் தெரிந்தவன் தன் பாவத்தைத் தானே எழுதி ஒட்டி அனுப்பிவிடுவான். நான் அதை இன்னொருவர் காதில் போட்டுத்தான் உனக்கு அனுப்ப வேண்டும். இரண்டு தடவை குர்ஷித் கடைக்குப் போய், சட்டையில் பொத்தான் வைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை அவள், "அண்ணே, உங்க சட்டையில இனிமே பொத்தான் வைக்க எடமில்ல. சொல்ல வந்ததச் சொல்லுங்க" என்றாள்.

போன கடிதத்தில் சொன்னது பொய். அவள் பேரில் தப்பில்லை, நான் சொன்னபடிதான் எழுதினாள்.

அவர் பெயர் நல்லுசாமி. என்னோடு கிணறு வெட்டியவன். என்னை விடப் பதினைந்து வயது சின்னவன், "கஸ்பாரண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். நீ உன் அம்மா வயிற்றில் ஏழு மாதம். ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலத்துச் சனிக்கிழமை. வேலுசாமி தோட்டத்துக் கிணறு, நாற்பதடியில் பாறை. பாறையில் துளை போட்டு, மருந்தைக் கெட்டித்து, திரி வைத்துக் கொளுத்திவிட்டு மேலே ஏறிவிடுவோம். எத்தனை திரி கொளுத்தினோமோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். கொளுத்தியவன்தான் எண்ண வேண்டும். அவன் "இறங்கு" என்று சொல்லாமல் யாரும் கயிற்றைத் தொடக்கூடாது. ஒரு சத்தம் குறைந்தாலும் அன்றைக்குக் கிணற்றை மூடிவிட்டு மறுநாள்தான் பார்ப்போம். மறுநாள் ஞாயிறு என்றால் திங்கட்கிழமை. தொழிலில் அதுதான் சட்டம்.

நாலு கொளுத்தினேன். மூன்று கேட்டேன்.

மூன்றாவது கொஞ்சம் கனமாகக் கேட்டது. இரண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊற்றுக்கண் தெரியப்போகிற நேரம், வேலுசாமி மேட்டில் நின்று அவசரப்படுத்தினார். ஆனால் அவரைக் குற்றம் சொல்லித் தப்பிக்க மாட்டேன். கஸ்பார் கணக்குத் தப்பாது என்று ஊரில் பெயர். "எனக்குத் தெரியல" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நாலும் வெடிச்சிருச்சு, எறங்குலே" என்றேன். அவன் இறங்கிக் கடப்பாரையைப் போட்டான். அப்போது நாலாவது வெடித்தது.

அதோடு முடியவில்லை. அவனை மேலே தூக்கிப் போட்டபோது நினைவில்லை. கூட்டம் கூடி, என்னப்பா ஆச்சு என்று கேட்டார்கள். "நான் சொல்றதுக்குள்ள அவனா எறங்கிட்டான்" என்றேன். ஆறு மாதம் கழித்து அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கஸ்பாரண்ணன் இறங்கச் சொல்லித்தான் இறங்கினேன் என்று ஆள் ஆளாகச் சொன்னான். யாரும் நம்பவில்லை. கஸ்பார் கணக்குத் தப்பாதே. அவசரக்குடுக்கை என்று பெயர் வாங்கிக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போய்விட்டான். அந்தப் பஸ் ஸ்டாண்டில் நான் ஒளிந்ததைப் பார்த்துத்தான் உன் அம்மாவுக்குப் புரிந்தது.

அந்த வருஷமே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். சர்வேசுரன் மன்னித்துவிட்டார் என்றுதான் இருந்தேன். வாணி பிறந்து, துணியை விலக்கி அந்த வலது பாதத்தைக் காட்டினாய் அல்லவா? அன்றைக்கு நான் எழுந்து வெளியே போய்விட்டேன், நீ வருத்தப்பட்டாய். உன் பாஸ்டர் சொல்வதற்கு நாலு வருஷம் முன்னாலேயே அதை எனக்கு நான் சொல்லிக்கொண்டேன்.

தாவீதின் குழந்தையைப் பற்றிக் கேட்டாய். அதற்கு வேதத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது. நானும் அதை நினைக்காத நாளில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், சாமியார் கேட்டால் ஏசுவார். நான் கோபமாகச் சொல்வதைக் குர்ஷித் மெதுவாக எழுதிவிடுகிறாள். வேறொருவன் எழுதியிருந்தால் என் கோபத்தை இரண்டு மடங்காக்கியிருப்பான். கடவுளும் என்னைப் போலச் சொல்லி எழுத வைத்தவர்தானே? பயந்தவன் கையில் அவர் ஒரு மாதிரி வந்திருப்பார், பிள்ளையைப் பறிகொடுத்தவன் கையில் வேறு மாதிரி. சொன்ன வாய் ஒன்றுதான் என்று நினைத்துப் பார்க்கிறேன். சில நாள் அது நிற்கிறது. சில நாள் நிற்கவில்லை.

பிள்ளையின் பாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னால் நீ இனி நம்ப மாட்டாய். ஆனாலும் சொல்கிறேன். பதினேழாம் தேதியை விட்டுவிடாதே.

அப்பா

(மலர், இதில் நான் ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை. குர்ஷித்)

ஒட்டன்சத்திரம்,
27-7-1998

அப்பாவுக்கு.

உங்கள் கடிதத்தை ஆல்வினும் படித்தார். முழங்கால் போட்டு அழுதார். காரணம் கிடைத்துவிட்டது என்று அழுகை. பாஸ்டரிடம் சொன்னார். வலது கால், வலது பாதம் என்று சபையில் இரண்டு தடவை சொன்னார்கள். வாணியை நடுவில் நிறுத்தினார்கள். எல்லாரும் அவள் பாதத்தையே பார்த்தார்கள். அவள் பாவாடையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். இதுவரை அவள் அதை மறைத்ததே இல்லை.

நீங்கள் வந்து சபை முன்னால் நின்று சொல்ல வேண்டுமாம். அதுவரை சீட்டு வேதப்புத்தகத்துக்குள்தான்.

எனக்கு உங்கள் மேல் எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை. மூன்று ஜெபமாலையில் உங்களை விட்டுவிட்டு, இருபது வருஷம் கழித்து என் குழந்தை காலைப் பிடித்தவரா உங்கள் சர்வேசுரன்? இல்லை, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எலும்பு தானாக மடங்கியதா? முதலாவது என்றால் எனக்கு அவர் மேல் பயம்தான் மிஞ்சும். இரண்டாவது என்றால், அந்த நல்லுசாமிக்கு எங்கே நியாயம்? உங்களை யார்தான் கேட்டார்கள்? சொல்லி எழுத வைத்தவர் என்கிறீர்கள். அப்படியானால் எந்தக் கை சரியாக எழுதியது என்று எழுத்துத் தெரிந்த எனக்கே தெரியவில்லையே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சாமியாரிடம் சொன்னீர்கள். இப்போது என்னிடம் சொன்னீர்கள். அவரிடம் சொன்னீர்களா?

மலர்

அகரம்,
10-8-1998

மலரு, சொல்லவில்லை. நீ கேட்ட பிறகுதான் போனேன். உன் ஜெபவீட்டுக்கு வர மாட்டேன். அங்கே இருக்கிறவர்களிடம் நான் பொய் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை வத்தலக்குண்டில் இறங்கினேன். அதே கடை. கல்லாவில் அவன் பெண்சாதி ஜக்கம்மாள், அவன் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலையை ஈரத்துணியில் அடுக்கிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை ஏறிட்டுப் பார்த்தான். "என்ன வேணும்?" என்றான். வாடிக்கைக்காரனிடம் கேட்கிற மாதிரி.

"நல்லு, நான் கஸ்பார்" என்றேன்.

"தெரியுது. அதான் என்ன வேணும்னேன்."

நின்றபடியே எல்லாம் சொன்னேன். நாலு கொளுத்தியது, மூன்று கேட்டது, தெரிந்தும் இறங்கச் சொன்னது. அவன் கை வெற்றிலையை அடுக்கிக்கொண்டே இருந்தது. மூன்று என்று சொன்ன இடத்தில் மட்டும் நின்றது. "மூணுன்னு தெரியுமா ஒனக்கு? ரெண்டு சேந்து வெடிச்சிருச்சுன்னு நீ நெசமாவே நெனச்சுட்டன்னுதான்யா இத்தன வருசமும் நான் மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன்" என்றான்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை மலரு. அவனிடம் இருந்த அந்த ஒன்றையும் நான் போய்ப் பிடுங்கிவிட்டேன்.

ஜக்கம்மாள் கேட்டது: "இருவத்தஞ்சு வருசமா இந்தப் பக்கம் பஸ்ஸே வரலியா? இப்ப எதுக்கு வந்த?" வாணியின் பாதத்தைப் பற்றிச் சொன்னேன். ஜெபவீட்டில் சொல்வதையும் சொன்னேன். "பாத்தியா" என்றாள் புருஷனிடம், "ஒனக்காக வரல. அவன் பேத்திக்காக வந்திருக்கான்."

உண்மைதான்.

அவன் கட்டையை எடுத்து ஊன்றி எழுந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன், குர்ஷித் அப்படியே எழுதட்டும்.

"யோவ், என் காலுக்கு ஒரு புள்ளையோட காலை வாங்கித் தாரேன்னு ஒங்க சாமி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச்சா? போனது என் காலு. கேட்டா என்னையத்தான கேக்கணும்? கேட்டிருந்தா வேணாம்னிருப்பேன். இப்பவும் சொல்றேன், வேணாம். எந்தச் சாமியா இருந்தாலும் சரி, என் பேரச் சொல்லிப் புள்ள மேல கைய வைக்கச் சொல்லாத. ஒனக்கும் எனக்கும் உள்ளது ஒனக்கும் எனக்கும்தான். ஒன்னைய நான் மன்னிக்கல. அது வேற."

பிறகு, "எங்கிட்ட வந்து சொல்றதுல என்ன இருக்கு? நீ எறங்கச் சொன்னது எனக்குத் தெரியாதா? அகரத்துல போயிச் சொல்லு. அங்கதான என்னைய அவசரக்குடுக்கைன்னாக" என்றான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சொன்னேன். அன்றைக்கு வேலுசாமி கிணற்று மேட்டில் இருந்தவர்களில் ஐந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். நாலு பேர் குனிந்து செருப்பைத் தேடினார்கள். ஒருவர் மட்டும், "எதுக்குப்பா இப்பப் போயி இதெல்லாம்" என்றார். இன்றைக்கு டீக்கடையில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

கிளம்பும்போது நல்லுசாமி இன்னொன்றும் சொன்னான். "அந்தப் புள்ள நடந்துச்சுன்னா ஒரு எட்டு கூட்டிட்டு வரச் சொல்லு. ஒன்னையச் சொல்லல. புள்ளைய."

வேதத்தில் நீ கேட்டதற்குப் பதிலாக அவன் சொன்னதைத்தான் அனுப்புகிறேன். இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

அப்பா

மதுரை, ஆஸ்பத்திரி,
20-8-1998

அப்பாவுக்கு.

மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று நல்லுசாமி சொன்னதை ஆல்வினுக்குப் படித்துக் காட்டினேன். திரும்பவும் படிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்தபோது சீட்டு சோற்றுப்பானை மூடி மேல் இருந்தது. அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நான் மட்டும் வாணியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இதை எழுதும்வரை அவர் வரவில்லை. சபையில் எங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியும். வாணி நேராக நடந்தாலும் பேசுவார்கள், நடக்காவிட்டால் இன்னும் பேசுவார்கள்.

எந்தக் கை எழுதியது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தாவீதின் குழந்தை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒன்று நினைத்தேன். கால் போனவரே வேண்டாம் என்கிறார். அதற்குப் பிறகும் கடவுள் கேட்டு வாங்குவார் என்றால், அவர் அந்த வெற்றிலைக் கடைக்காரரை விடச் சின்னவராகிவிடுவார். அப்படி அவரை நினைக்க எனக்கு மனம் வரவில்லை. மோசேயிடம் எப்படிப் பேசியிருந்தாலும் சரி, அவ்வளவு சின்னவராக இருக்க மாட்டார். இப்போதைக்கு அது மட்டும்தான் கையில் இருக்கிறது.

ஆபரேஷன் அறைக் கதவு வரை வாணி என் கழுத்தை விடவில்லை. உள்ளே கொண்டுபோன பிறகு, மயக்க மருந்து கொடுக்கிறவர் அவளை எண்ணச் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. ஒண்ணு என்றாள். ரெண்டு. மூணு. அப்புறம் சத்தமில்லை. அப்படித்தான் இருக்கும், தூங்கிவிடுவாள் என்று நர்ஸ் சொல்லித்தான் இருந்தார். ஆனாலும் நான் காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அந்தக் கிணற்று மேட்டில் நின்றது அப்போது எனக்குத் தெரிந்தது. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. இரண்டரை மணி நேரம், அவளை வெளியே கொண்டுவரும் வரை நின்றேன். கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாதாம். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன்.

முழங்கால் வரை மாவுக்கட்டு. பிரிக்க ஆறு வாரம் ஆகும். நேராகுமா என்று அப்போதுதான் சொல்வார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு எப்படி இருந்தாலும் அவளை வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போவேன். அவர் உங்களைக் கூப்பிடவில்லை, தெரியும். நானும் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு வரை வாருங்கள். கடைக்கு நானும் வாணியும் போகிறோம். நீங்கள் எந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலும் போகாமல், அவர் பார்க்கிற இடத்தில் நில்லுங்கள்.

மலர்